ஃப்ளாஸ்க் கலங்கியிருக்கிறது, பிளாஸ்மிட் எங்கே?

இரவு ஷேக்கரில் போட்ட கல்ச்சர் காலையில் நன்றாகக் கலங்கியிருக்கிறது. செல்களின் அடர்த்தியைக் காட்டும் ஓ.டி. அளவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. ஆனால் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் வர வேண்டிய புரதத்தின் பட்டை மங்கலாகத் தெரிகிறது, அல்லது தெரியவே இல்லை. ஈ. கோலை பாக்டீரியாவில் புரதம் தயாரிப்பவர்கள் ஒருமுறையாவது இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். முதல் சந்தேகம் புரதத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் இண்டியூசர் மேல் போகும். அடுத்தது ஆன்டிபயாடிக் பழசாகிவிட்டதோ என்று போகும். அந்த 'எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூட' என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துப்பு இருப்பதென்னவோ அங்கேதான். சுமையை இறக்கி வைத்தவன்தானே வேகமாக நடப்பான்.

பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனியாக நின்று, தானே பெருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுக்குப் பிளாஸ்மிட் என்று 1952இல் பெயர் வைத்தவர் ஜோஷுவா லெடர்பெர்க். பெரும்பாலும் வட்ட வடிவம், சில ஆயிரம் பேஸ் நீளம். நமக்கு வேண்டிய மரபணுவையும் ஓர் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவையும் அதில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அதன் செலவில் நம் வேலையை நடத்திக்கொள்கிறோம். பாக்டீரியாவுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. இன்சுலின் மரபணுவைச் சுமப்பதால் எந்த ஈ. கோலையும் செழித்துவிடாது. எனவே 'பிளாஸ்மிட் ஏன் தொலைகிறது' என்று கேட்பதைவிட 'இத்தனை நாள் எப்படி இருந்தது' என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

'பிளாஸ்மிட் நிலைக்கவில்லை' என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் செல் பிரியும்போது ஒரு மகள் செல்லுக்குப் பிளாஸ்மிட்டே போய்ச் சேர்வதில்லை. மற்றதில் பிளாஸ்மிட் இருக்கும், ஆன்டிபயாடிக் கலந்த தட்டிலும் செல் வளரும், ஆனால் நமக்கு வேண்டிய பகுதி மட்டும் வெட்டுப்பட்டோ மாறியோ போயிருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதில் கணக்கு சுவாரசியமாக இருப்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

நாணயம் சுண்டும் கணக்கு

பிரியப்போகும் செல்லில் 20 பிளாஸ்மிட்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்கிறது. இருபதும் ஒரே பக்கம் போய்விட வாய்ப்பு எவ்வளவு? 5,24,288 பிரிதல்களில் ஒன்று. பிரதிகள் 10 என்றால் 512இல் ஒன்று. நான்கே என்றால் எட்டில் ஒன்று. பிரதி எண்ணிக்கை 40ஆக உயர்ந்தால் இந்த வாய்ப்பு சுமார் 55 ஆயிரம் கோடியில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கை நம்பினால், அதிகப் பிரதி கொண்ட பிளாஸ்மிட்கள் தொலையவே கூடாது. 1977இல் வந்த பிபிஆர்322 என்ற ஆய்வகப் பிளாஸ்மிட்டுக்குச் செல்லுக்கு 15 முதல் 20 பிரதிகள். அதிலிருந்து பிறந்த பியூசி வகைக்கு, ஒரே ஒரு பேஸ் மாற்றமும் ராப் என்ற கட்டுப்பாட்டு மரபணுவின் நீக்கமும் சேர்ந்து, சில நூறு பிரதிகள். ஆனாலும் இவை தொலைகின்றன. எதனால் என்பதை டேவிட் சம்மர்ஸ், டேவிட் ஷெராட் இருவரும் 1984இல் கோல்இ1 என்ற இயற்கைப் பிளாஸ்மிட்டை வைத்துக் காட்டினார்கள். ஒரே வரிசை கொண்ட இரண்டு வட்டங்கள் செல்லுக்குள் சந்தித்தால், செல்லின் மறுசேர்க்கை நொதிகள் அவற்றை ஒட்டி ஒரே பெரிய வட்டமாக்கிவிட முடியும். இரட்டை வட்டம் இன்னொரு இரட்டை வட்டத்தோடு சேர்ந்தால் நாலு மடங்கு வட்டம். செல் தன் பிளாஸ்மிட்டைக் கணக்கு வைப்பது வட்டங்களை எண்ணி அல்ல, பெருக்கம் தொடங்கும் இடங்களை எண்ணி. ஆக 20 பிரதிகளும் நாலு நாலாக ஒட்டிக்கொண்டால் செல்லின் கணக்கில் 20தான், ஆனால் பங்கு பிரிக்கும்போது கையில் இருப்பது ஐந்தே ஐந்து வட்டம். வெறுங்கையாகப் போகும் வாய்ப்பு ஐந்து லட்சத்தில் ஒன்றிலிருந்து பதினாறில் ஒன்றாகிவிடுகிறது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இரட்டை வட்டத்தில் தொடங்குமிடம் இரண்டு இருப்பதால் அது ஒற்றை வட்டத்தைவிட இரு மடங்கு அடிக்கடி பெருகும். ஒரு செல்லில் இரட்டை வட்டம் ஒன்று உருவாகிவிட்டால், சில தலைமுறைகளில் அந்தச் செல்லின் வாரிசுகளில் இரட்டை வட்டமே நிரம்பிவிடும். கல்ச்சர் முழுக்கச் சீராகக் கெடுவதில்லை. பெரும்பாலான செல்கள் ஒழுங்காக இருக்க, ஒரு சிறு கூட்டம் மட்டும் இரட்டை வட்டங்களால் அடைத்துக்கொண்டு, பிளாஸ்மிட் இல்லாத வெறும் செல்களைத் தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சராசரி பிரதி எண்ணிக்கையை அளந்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று திருப்தி அடைபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கோல்இ1 இதற்கு வழி வைத்திருக்கிறது. அதில் 'செர்' என்ற சிறு பகுதி உண்டு. குரோமோசோமில் உருவாகும் எக்ஸ்இஆர்சி, எக்ஸ்இஆர்டி என்ற இரண்டு நொதிகள் அந்த இடத்தில் பிடித்து, ஒட்டிய வட்டங்களைத் திரும்பவும் தனித்தனியாகப் பிரித்துவிடும். அதோடு ஒட்டிய வட்டங்கள் இருக்கும்போது மட்டும் செர் பகுதியிலிருந்து ஒரு சிறு ஆர்என்ஏ உருவாகி, இண்டோல் என்ற சிறு வேதிப்பொருளின் அளவைக் கூட்டி, பிரித்து முடியும்வரை செல் பிரியாமல் நிறுத்தி வைக்கிறது. கதவைப் பூட்டிவிட்டுப் பங்கு போடுவதுபோல. ஆனால் பிபிஆர்322இலும் பியூசியிலும் செர் கிடையாது. அளவைக் குறைத்து, வெட்டி ஒட்ட வசதியாகச் செய்தபோது அது வரவில்லை. அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது கையாள எளிதான கருவி. பல நூறு லிட்டர் தொட்டியில் நாள்கணக்கில் ஓட்டுவது அன்றைய கவலை அல்ல.

மறுசேர்க்கையை நடத்தும் ரெக்ஏ மரபணு செயல்படாத டிஎச்5ஆல்ஃபா போன்ற ஈ. கோலை வகைகளில் இந்த ஒட்டல் வெகுவாகக் குறையும். புரதம் எடுக்கப் பலரும் பயன்படுத்தும் பிஎல்21இல் ரெக்ஏ நன்றாகவே வேலை செய்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: ஒரே ஒரு இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால் வெட்டி ஜெல்லில் ஓட்டினால் ஒற்றை வட்டமும் இரட்டை வட்டமும் ஒரே பட்டையாகத்தான் தெரியும். வெட்டாத மாதிரியையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இயற்கைப் பிளாஸ்மிட்கள் வைத்திருந்த சாமான்கள்

செல்லுக்கு ஒன்றிரண்டு பிரதிகள் மட்டுமே உள்ள எஃப், ஆர்1 போன்ற பெரிய பிளாஸ்மிட்கள் நாணயம் சுண்டிப் பிழைக்க முடியாது. அவை பங்கீட்டையே கையில் எடுத்துக்கொள்கின்றன. ஆர்1 பிளாஸ்மிட் தயாரிக்கும் பார்எம் என்ற புரதம், நம் தசையில் உள்ள ஆக்டினைப் போல இழையாக நீண்டு, இரண்டு பிரதிகளையும் செல்லின் எதிர் எதிர் முனைகளுக்குத் தள்ளிவிடும். பிஎஸ்சி101 என்ற பிளாஸ்மிட்டில் இப்படிப் பங்கீட்டைக் காக்கும் 'பார்' பகுதி இருப்பதை மீகாக்கும் கோஹனும் 1980இல் காட்டினார்கள். பிபிஆர்322இன் டெட்ராசைக்ளின் மரபணு அதே பிஎஸ்சி101இலிருந்து வந்ததுதான். பார் பகுதி மட்டும் கூட வரவில்லை.

இன்னொரு ஏற்பாடு கொஞ்சம் கொடூரமானது. எஃப் பிளாஸ்மிட்டில் ஒகுராவும் ஹிராகாவும் 1983இல் விவரித்த சிசிடி ஜோடியில் ஒன்று நஞ்சு, மற்றது அதன் மாற்று மருந்து. நஞ்சு நீண்ட நேரம் நிற்கும், மாற்று மருந்து சீக்கிரம் சிதைந்துபோகும். பிளாஸ்மிட் இருக்கும்வரை மருந்து புதிதாக வந்துகொண்டே இருப்பதால் ஆபத்தில்லை. பிளாஸ்மிட் போய்விட்டால் மருந்தின் வரத்து நிற்கும், மிச்சமிருக்கும் நஞ்சு செல்லை முடித்துவிடும். ஆர்1இல் உள்ள ஹாக், சாக் ஜோடியும் இதே தர்மம்தான். அங்கே மாற்று மருந்தாக இருப்பது புரதம் அல்ல, ஒரு சிறு ஆர்என்ஏ. இவற்றை நம் பிளாஸ்மிட்களில் சேர்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு, பலனும் உண்டு. ஆனால் இது இழப்பைத் தடுப்பதில்லை, இழந்தவர்களைத் தண்டிக்கிறது, அவ்வளவே. வெறும் செல்கள் நிறைய உருவாகும் கல்ச்சரில் அந்தத் தண்டனையே விளைச்சலைக் குறைக்கும். நஞ்சுக்கு அசையாத திரிபு ஒன்று முளைத்தால் தண்டனையும் செல்லாது.

ஆன்டிபயாடிக் என்ற காவல்காரன்

சரி, இதெல்லாம் எதற்கு, ஆன்டிபயாடிக் போட்டால் வெறும் செல் செத்துவிடாதா? தட்டில் பெரும்பாலும் சாகும். ஃப்ளாஸ்கில் நடப்பது வேறு கதை.

ஆம்பிசிலினை எடுத்துக்கொள்வோம். அதை எதிர்க்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி செல்லின் உள் சவ்வுக்கு வெளியே உள்ள இடைவெளியில் இருக்கிறது, அங்கிருந்து ஊடகத்துக்கும் கசிகிறது. அது ஆம்பிசிலினைத் தடுப்பதோடு நிற்பதில்லை, உடைத்தே போடுகிறது. அதாவது பிளாஸ்மிட் வைத்திருக்கும் செல்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊர் முழுவதற்கும் சேர்த்து நஞ்சைச் சுத்தம் செய்து தருகின்றன. செல்கள் அடர்ந்த கல்ச்சரில் சில மணி நேரத்திலேயே ஆம்பிசிலின் பெயருக்குத்தான் இருக்கும். அதற்குப் பிறகு பிளாஸ்மிட் இல்லாதவனும் இருப்பவனும் ஒன்று. தட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைக்கும் துணைக் காலனிகளும் இதே கதைதான். இரவு கல்ச்சரை அப்படியே புது ஊடகத்தில் ஊற்றினால், அதில் மிதக்கும் நொதியும் சேர்ந்து போய் புதிதாகப் போட்ட ஆம்பிசிலினையும் தின்றுவிடும். செல்களைச் சுழற்றிப் படியவைத்து, பழைய ஊடகத்தைக் கொட்டிவிட்டுப் புதியதில் கலக்கச் சொல்வது இதனால்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு ஒரு வாரத்தை இழப்பவர்கள் ஏராளம். கார்பெனிசிலின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் முடிவில் அதற்கும் அதே கதிதான்.

கனமைசின் இந்த வகையில் நல்ல காவல்காரன். அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி செல்லுக்குள்ளேயே இருப்பதால் ஊடகத்தில் உள்ள மருந்து பெருமளவு அப்படியே நிற்கும். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் புரதம் மருந்தை உடைப்பதில்லை, திரும்ப வெளியே தள்ளுகிறது, எனவே அதுவும் ஊடகத்தில் நிற்கும். வெளிச்சத்தில் கெடும் என்பது மட்டும் அதன் குறை.

ஆனால் எந்த மருந்தானாலும் ஒரு ஓட்டை உண்டு. இப்போதுதான் பிளாஸ்மிட்டை இழந்த செல் உடனே நிராயுதபாணி ஆகிவிடாது. தாய்ச் செல்லிடமிருந்து வந்த எதிர்ப்பு நொதி அதன் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பிரிதலிலும் அது பாதி பாதியாகத்தான் குறையும். அப்பன் விட்டுப்போன சேமிப்பில் சில தலைமுறை ஓடிவிடும். அதிகப் பிரதி கொண்ட பிளாஸ்மிட் என்றால் சேமிப்பும் பெரிது. எனவே மருந்து வெறும் செல்களின் எண்ணிக்கையைக் கட்டிப்போடும், பூஜ்யமாக்காது.

அடுக்கில் உட்கார்ந்திருக்கும் எதிரி

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான கணக்கு. ஒரு செல்லிலிருந்து தொடங்கி, மில்லிலிட்டருக்கு நூறு கோடி செல்கள் உள்ள ஒரு லிட்டர் கல்ச்சர் வருவதற்குச் சுமார் 40 தலைமுறைகள் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் அதைவிடப் பத்து மடங்கு அடர்த்தி என்றால் 57 தலைமுறை வரை போகும்.

தொடக்கத்தில் பத்தாயிரத்துக்கு ஒரு வெறும் செல் கலந்திருக்கிறது, அது மற்றவற்றைவிட 20 சதவீதம் வேகமாக வளர்கிறது, ஆன்டிபயாடிக் இல்லை என்று வைப்போம். மற்றவை 40 தலைமுறை கடக்கும் நேரத்தில் இது 48 தலைமுறை கடந்திருக்கும். கூடுதலான எட்டுத் தலைமுறைக்கு 256 மடங்கு. முடிவில் வெறும் செல்கள் இரண்டரை சதவீதம். கவலைப்பட ஒன்றுமில்லை. இப்போது தொடக்கக் கலப்பை இரட்டிப்பாக்குவோம், பத்தாயிரத்துக்கு இரண்டு. முடிவில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். இன்னமும் சமாளிக்கலாம். அதை விட்டுவிட்டு வேக வித்தியாசத்தை இரட்டிப்பாக்கி 40 சதவீதமாக்கினால்? கூடுதல் 16 தலைமுறை, 65,536 மடங்கு. கல்ச்சரில் 87 சதவீதம் வெறும் செல்.

இழப்பு விகிதம் பெருக்கலில் வருகிறது, வளர்ச்சி வேகத்தின் வித்தியாசம் அடுக்கில் (இரண்டின் அடுக்காக) வருகிறது. பிளாஸ்மிட் தொலையாமல் பார்ப்பதற்குச் செலவிடும் மூளையில் பாதியைப் பிளாஸ்மிட் வைத்திருப்பவன் பின்தங்காமல் பார்ப்பதற்குச் செலவிட்டால் பலன் அதிகம் என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது? டிஎன்ஏவைப் படியெடுக்கும் செலவு பெரும்பாலும் சில்லறை. பெரிய செலவு, அதிலிருந்து புரதம் செய்வதில்தான். புரதம் செய்யும் இயந்திரங்களான செல்லின் ரைபோசோம்களை நம் மரபணு பிடித்துக்கொண்டால் செல் தன் வேலைக்கு எதை வைத்து ஓடும்? இண்டியூசர் போடும் முன்பே, மரபணுவை இயக்கும் சுவிட்சான புரொமோட்டர் கசிந்தால், தேவையே இல்லாத நேரத்தில் இந்தச் சுமை ஏறுகிறது. லாக் வகைப் புரொமோட்டர் என்றால் விதைக் கல்ச்சரில் குளுக்கோஸ் சேர்ப்பது கசிவைக் குறைக்கும். டி7 அமைப்பு (டி7 வைரஸின் பாலிமரேஸ் நொதி நம் மரபணுவைப் படிக்கும் முறை) என்றால் பிலைஸ்எஸ் போன்ற துணைப் பிளாஸ்மிட், கசிந்து வரும் பாலிமரேஸைக் கட்டிப்போடும். முதலில் வளரவிட்டு, பிறகு தயாரிக்க வைப்பது என்ற பிரிவினையே இதற்குத்தான். இண்டியூஸ் செய்த பிறகு பிளாஸ்மிட் உள்ள செல் ஏறக்குறைய நின்றுவிடும், அந்த நேரத்தில் வெறும் செல்லுக்குக் கொண்டாட்டம். ஆகவே இண்டியூஸ் செய்யும்போது வெறும் செல் எவ்வளவு இருக்கிறது, அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை ஓட்டுகிறோம் என்பவை முடிவைத் தீர்மானிக்கும். வெப்பநிலையை 30 டிகிரிக்கு இறக்கினால் பியூசி வகையின் பிரதி எண்ணிக்கையும் குறையும், சுமையும் குறையும்.

பிளாஸ்மிட் இருக்கிறது, ஆனால் அது அதுவல்ல

இரண்டாவது நோயில் ஆன்டிபயாடிக் எதையும் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் எதிர்ப்பு மரபணு பத்திரமாக இருக்கும். ஒரே வரிசை இரண்டு இடத்தில் திரும்ப வந்தால் இடைப்பட்டது வெட்டுண்டு போகலாம். லென்டிவைரஸ் பிளாஸ்மிட்டின் இரு முனைகளிலும் உள்ள நீள் மறுவரிசைகள் இதற்குப் பேர்போனவை. அதற்காகவே எஸ்டிபிஎல்3 போன்ற ஈ. கோலை வகைகளில் வைத்து, 30 டிகிரியில் நிதானமாக வளர்ப்பார்கள். மரபணு சிகிச்சைக்கான ஏஏவி என்ற வைரஸைத் தயாரிக்கும் பிளாஸ்மிட்டின் இரு முனைகளிலும் 145 பேஸ் நீளத்தில், தன்மேலேயே மடிந்துகொள்ளும் வரிசை உண்டு. அதில் சில பேஸ்கள் விழுந்துபோவது அடிக்கடி நடப்பதால், ஒவ்வொரு முறை டிஎன்ஏ எடுத்ததும் ஸ்மா1 என்சைமால் வெட்டிச் சரிபார்ப்பது அந்தத் துறையில் வழக்கம். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அச்சாகும் பிளாஸ்மிட்டிலோ நீளமான ஏ, ஏ, ஏ வரிசைதான் தலைவலி. படியெடுக்கும்போது வழுக்கிச் சுருங்கிவிடும். ஃபைசர்-பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசியில் அந்த வாலை 30 ஏ, நடுவில் 10 பேஸ் இடைவெட்டு, பிறகு 70 ஏ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படி உடைத்து வைத்தால் பாக்டீரியாவுக்குள் வால் சுருங்குவது குறையும்.

சில சமயம் மாறுவது பிளாஸ்மிட்டே அல்ல, அதைச் சுமக்கும் செல். ப்ரூனோ மிரூவும் ஜான் வாக்கரும் 1996இல், நச்சுத்தன்மையுள்ள புரதங்களைச் செய்யச் சொன்னபோது பிஎல்21 செல்கள் செத்துப்போக, தப்பிப் பிழைத்த சிலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அவைதான் இன்று விற்கப்படும் சி41, சி43. பிறகு வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் டி7 பாலிமரேஸைக் கட்டுப்படுத்தும் புரொமோட்டர் திரிந்து பலவீனமாகியிருந்தது. வேலைக்கு டிமிக்கி கொடுத்தவர்களைப் பிடித்து, அளவாக வேலை செய்பவர்கள் என்று அவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதை இது. உங்கள் ஃப்ளாஸ்கிலும் இதே தேர்வு ஒவ்வொரு இரவும் நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் கேட்காமலே.

மருந்தே இல்லாமல்

மருந்து தயாரிப்பில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள். பெனிசிலின் வகை எச்சம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் அந்த வகையை விலக்கச் சொல்வது ஒழுங்குமுறை அமைப்புகளின் நிலைப்பாடு. மாற்று வழிகளில் பழையது, குரோமோசோமில் ஓர் அத்தியாவசிய மரபணுவை நீக்கிவிட்டு அதைப் பிளாஸ்மிட்டில் வைப்பது. அமினோ அமிலம் செய்யும் மரபணுவை இதற்குத் தேர்ந்தெடுத்தால், பக்கத்துச் செல் கசியவிடும் அமினோ அமிலத்தை உறிஞ்சி வெறும் செல் பிழைத்துக்கொள்ளும். ஆம்பிசிலின் கதையே வேறு வேடத்தில். அதனால் புரதத் தொகுப்பைத் தொடங்கிவைக்கும் ஐஎஃப்1 காரணியின் மரபணுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கடன் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல. இன்னொரு முறையில் குரோமோசோமில் சாக்பி என்ற மரபணுவை வைப்பார்கள். சர்க்கரை (சுக்ரோஸ்) இருந்தால் அது செல்லைக் கொல்லும். அதை அடக்கும் குட்டி ஆர்என்ஏ பிளாஸ்மிட்டில் இருக்கும். பிளாஸ்மிட் போனால் சர்க்கரையே நஞ்சு. எதிர்ப்பு நொதி என்ற கூடுதல் புரதம் செய்ய வேண்டியதில்லை என்பதால் சுமையும் குறைகிறது, அடுக்கில் ஒரு பங்கு மிச்சம். பிரதி குறைந்தாலும் பரவாயில்லை என்றால் மரபணுவைக் குரோமோசோமிலேயே பதித்துவிட்டு இந்தப் பேச்சையே முடித்துக்கொள்ளலாம்.

அளப்பது எப்படி? கல்ச்சரை நீர்த்து, ஆன்டிபயாடிக் இல்லாத தட்டில் பரப்பி, முளைக்கும் காலனிகளை ஒவ்வொன்றாக ஆன்டிபயாடிக் தட்டுக்கு மாற்ற வேண்டும். காலனி நிறைய என்றால் வெல்வெட் துணியில் ஒற்றி எடுத்து அடுத்த தட்டில் அச்சுப் பதிக்கலாம். ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி இந்த முறையை வெளியிட்டதும் அதே 1952இல்தான். நூறு காலனியும் வளர்ந்துவிட்டால் இழப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நூறுக்கு நூறு வந்தாலும் உண்மையான இழப்பு மூன்று சதவீதம் வரை இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத நம்பிக்கையில் சொல்லக்கூடியது. இந்தச் சோதனையை இண்டியூஸ் செய்வதற்குச் சற்று முன்பும், அறுவடையின்போதும், இரண்டு முறை செய்ய வேண்டும். வளர்ந்த காலனிகளில் சிலவற்றிலிருந்து பிளாஸ்மிட்டை எடுத்து, வெட்டியும் வெட்டாமலும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது நோயும் இரட்டை வட்டமும் சேர்ந்தே தெரிந்துவிடும். அடுத்த கல்ச்சரை, பத்து நாளாக ஃப்ரிட்ஜில் கிடக்கும் தட்டிலிருந்து தொடங்காமல், புதிதாக டிரான்ஸ்ஃபார்ம் செய்த (பிளாஸ்மிட்டை உள்ளே ஏற்றிய) காலனியிலிருந்தோ, அப்படிப்பட்ட காலனியிலிருந்து ஆரம்பத்திலேயே எடுத்து மைனஸ் 80இல் வைத்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்தோ தொடங்குங்கள்.